கன்னக்கோலும் காவலும்

கோப்பித் துருநோயை ஆராய 1880இல் இலங்கைக்கு வந்தவர் மார்ஷல் வார்ட் என்னும் ஆங்கிலத் தாவரவியலறிஞர். கோப்பியை அவராலும் காக்க இயலவில்லை. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. ஆயினும் நாடு திரும்பிய பின், லில்லிச் செடியின் நோயொன்றை ஆராய்ந்து 1888இல் அவர் எழுதிய கட்டுரை நிலைத்து நிற்கின்றது. பங்கசு இழையின் நுனியிற் கசியும் நொதியம் கலச்சுவரைக் கரைத்து வழி திறப்பதை அதில் விளக்கினார். ஜெர்மானியரான டி பாரியும் ஈராண்டின் முன் இத்தகைய செயலைக் கண்டிருந்தார்.

கள்வனின் கன்னக்கோல் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரனோ?

1971இல் ஆல்பர்ஷைம், அண்டர்சன் என்னும் இருவர், அவரை, தக்காளி முதலியவற்றின் கலச்சுவரிலேயே பங்கசு நொதியத்தைத் தடுக்கும் புரதங்கள் உறைவதைக் கண்டனர். பின்னர், ட்ரைக்கோடெர்மா என்னும் பங்கசின் சைலனேசு நொதியம் பட்டதும் புகையிலை இலை எதிலீன் வாயுவைப் பெருக்கி, அவ்விடத்துக் கலங்களைத் தானே மாய்த்துக்கொள்வது தெரியவந்தது. விரலை இழந்து உடலைக் காக்கும் துணிவு எனலாம். வியப்பு யாதெனில், கரைக்கும் ஆற்றல் நீக்கப்பட்ட நொதியமும் அதே எச்சரிக்கையை எழுப்பிற்று. சுவர் இடிந்ததனால் மட்டுமன்று, கன்னக்கோலின் வடிவத்தாலேயே செடி கள்வனை அறிகின்றது! அதனை உணரும் புரதத்தை 2004இல் இஸ்ரேலிய ஆய்வாளர் தக்காளியில் இனங்கண்டனர். வார்ட் மறைந்து அப்போது 98 ஆண்டுகள் கடந்திருந்தன.