மின்கிதாரின் தயாரிப்பு ஆண்டை அறிதல்

மின்கிதாரின் தயாரிப்பு ஆண்டை அறிதல் என்பது, ஒரு கிதாரில் உள்ள எண்கள், முத்திரைகள், மின்பாகங்கள், மரம் ஆகியவற்றையும் அதனுடன் வந்த காகிதங்களையும் ஒப்பிட்டு, அது எப்போது செய்யப்பட்டது எனக் கணிக்கும் முறையாகும். பழைய கிதாரின் விலையைப் பெரிதும் முடிவு செய்வது அதன் ஆண்டுதான். பத்தாண்டு வேறுபாடு விலையைப் பல மடங்கு மாற்றிவிடும். தமிழ்நாட்டின் மெல்லிசைக் குழுக்களிலும் திரைப்பட இசைக்குழுக்களிலும் ஒலித்த கிதார்கள் இன்று வாசித்தவர்களின் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்கின்றன. அவற்றை விற்பவரும் வாங்குபவரும் ஏமாறாமல் இருக்க இந்த முறை உதவும்.

பின்னணி

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் மின்கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1950களில் கெட்டி மர உடல் கொண்ட கிதார்கள் பரவின. பென்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர் (1951), ஸ்ட்ராட்டோகாஸ்டர் (1954), கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் (1952) ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. 1965 ஜனவரியில் பென்டர் நிறுவனத்தைச் சி.பி.எஸ். நிறுவனம் வாங்கியது. அதற்கு முன் செய்யப்பட்ட பென்டர் கிதார்களுக்குப் பின்னாளில் தனி மதிப்பு ஏற்பட்டதால், ‘எந்த ஆண்டு?’ என்ற கேள்வி பணத்தோடு தொடர்புடையதாயிற்று.

அடிப்படை விதி

கிதாரில் காணப்படும் ஒவ்வொரு தேதியும் ஒரு பாகத்தின் தேதியே. முழுக் கிதாரின் தேதி அன்று. பல ஆண்டுகளைச் சேர்ந்த பாகங்கள் ஒரே கிதாரில் இருக்கலாம். அவற்றுள் மிகப் பிந்திய பாகத்துக்கு முன்பு அந்தக் கிதார் இப்போதைய வடிவில் இருந்திருக்க முடியாது. இது கீழெல்லை. நாளிட்ட விற்பனை ரசீதோ புகைப்படமோ இருந்தால், அந்த நாளுக்குள் கிதார் செய்யப்பட்டுவிட்டது என்பது உறுதி. இது மேலெல்லை.

கல்வெட்டுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலை 10ஆம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார். இத்தகைய பழங்கோயில் ஒன்றின் சுவரில் ஒரு மன்னனின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருந்தால், அந்த ஆண்டில் சுவர் ஏற்கெனவே நின்றிருந்தது எனக் கொள்கிறோம். ஆனால் திருப்பணியின்போது பழைய கற்களை எடுத்து வேறு சுவரில் வைத்துக் கட்டுவதும் உண்டு. அப்போது கல்லின் காலம் வேறு, சுவரின் காலம் வேறு. பழுதுபார்க்கப்பட்ட கிதாரும் திருப்பணி கண்ட கோயிலைப் போன்றதே.

தொடர் எண்

பலரும் முதலில் பார்ப்பது தொடர் எண்ணைத்தான். அது மட்டும் போதாது. பென்டர் கிதார்களில் 1976 வரை இந்த எண் பெரும்பாலும் கழுத்தை உடலோடு இணைக்கும் உலோகத் தகட்டில் இருந்தது. தொழிலாளர்கள் பெட்டியிலிருந்து கைக்கு வந்த தகட்டை எடுத்துப் பொருத்தினார்கள். எண் வரிசையைப் பார்க்கவில்லை. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் தகட்டை யாரும் மாற்றிவிடலாம். 1976க்குப் பின் எண் கிதாரின் தலைப்பகுதிக்கு வந்தது. ‘எஸ்’ என்ற எழுத்து 1970களையும் ‘ஈ’ 1980களையும் ‘என்’ 1990களையும் குறிக்கும். ஆயினும் அச்சிட்டு வைத்த எண்கள் தீரும்வரை பயன்பட்டதால், ‘ஈ4’ எனத் தொடங்கும் எண் 1984க்குப் பிந்திய கிதார்களிலும் உண்டு.

கிப்சன் நிறுவனம் 1960களில் ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பவும் பயன்படுத்தியது. 1977இல் எட்டு இலக்க முறை வந்தபின் குழப்பம் குறைந்தது. அதில் முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்து ஆண்டைக் காட்டும். இடையிலுள்ள மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். எடுத்துக்காட்டாக, 82765501 என்பதில் ஆண்டு 85, நாள் 276. அதாவது 1985 அக்டோபர் 3.

பாகங்களில் உள்ள தேதிகள்

பென்டர் கிதாரின் கழுத்தைக் கழற்றினால் அதன் அடிப்பகுதியில் பென்சிலால் எழுதிய தேதியோ முத்திரையோ காணப்படலாம். 1960களில் ‘2 மார் 65 பி’ போன்ற முத்திரைகள் வந்தன. இதை மார்ச் 2ஆம் நாள் எனப் படிப்பது பலர் செய்யும் பிழை. முதலில் உள்ள 2 கிதாரின் வகையைக் குறிக்கும் எண். இறுதியில் உள்ள ‘பி’ கழுத்தின் அகல அளவு. மாதமும் ஆண்டும் மட்டுமே தேதி.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் கண்ட்ரோலின் உலோக மூடியிலும் ஓர் எண் இருக்கும். 1376612 என்றால் 137 என்பது சி.டி.எஸ். என்ற தயாரிப்பாளர், 66 என்பது 1966, 12 என்பது அந்த ஆண்டின் 12ஆம் வாரம். ஆனால் பென்டர் நிறுவனம் 1966இல் இந்தப் பாகத்தைப் பெருமளவில் வாங்கிச் சேர்த்து, அடுத்த சில ஆண்டுகள் பயன்படுத்தியது. எனவே 66 என்ற எண்ணைக் காட்டி ‘இது 1966 கிதார்’ என்று ஒருவர் சொன்னால் அது நிரூபணம் ஆகாது.

கிப்சன் ஒலிவாங்கிகளின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது’ என்ற பொருள்படும் ஒட்டுச்சீட்டு 1957 முதல் இருந்தது. 1959இல் காப்புரிமை கிடைத்த பிறகும் அந்தச் சீட்டு சில ஆண்டுகள் தொடர்ந்தது. பின்னர் வந்த சீட்டில் அச்சான எண்ணோ அந்த ஒலிவாங்கிக்கு உரியதன்று. லெஸ் பால் பெற்ற வேறொரு காப்புரிமையின் எண். எழுத்தில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

மின்தேக்கியும் ஒரு தடயம். 1950களின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மெழுகூட்டிய காகித மின்தேக்கி இருந்தது. 1960களில் அதன் இடத்தைச் சிறு வட்டு வடிவப் பீங்கான் மின்தேக்கி பிடித்தது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் மாணவர்கள், பீங்கானுக்குக் கிதாருக்குள்ளும் ஒரு வேலை உண்டு என்பதைக் கவனிக்கலாம்.

மரம்

பழைய கிதார்கள் பலவற்றின் விரற்பலகை பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தால் ஆனது. 1960களின் பிற்பகுதியில் அது கிடைப்பது அரிதாகவே, இந்திய ஈட்டி மரம் அதன் இடத்துக்கு வந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தோதகத்தி எனப்படுவதும் இதுவே. தமிழ்நாட்டில் இம்மரத்தைக் காக்க 1995இல் தனிச் சட்டம் வந்தது. பிரேசில் மரம் 1992 முதல் பன்னாட்டு வணிகத் தடைக்கு உட்பட்டது. அந்த மரம் உள்ள கிதாரை நாடு கடந்து கொண்டுசெல்ல அதன் வயதுக்குச் சான்று தேவைப்படும். ஆண்டை அறிவது இங்குச் சட்டத் தேவையும் ஆகிறது.

நம் நாட்டுத் தடயங்கள்

பெட்டியில் ஒட்டிய கடைச் சீட்டு, ரசீது, அஞ்சல் உறை ஆகியவற்றில் தேதி இல்லாவிட்டாலும் காலம் தெரியும். அணாக் கணக்கு இருந்தால் அது பெரும்பாலும் 1957க்கு முந்தியது. ‘நயா பைசா’ என்ற சொல் 1957 முதல் 1964 வரை வழங்கியது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறியது 1969இல். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15க்குப் பின் வந்தது. ஆங்கிலத்தில் நகரின் பெயர் சென்னை என்று இருந்தால் அது 1996க்குப் பிந்தியது. ‘மேற்கு ஜெர்மனி’ என்று பொறித்த கருவி 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது.

முடிவை எழுதும் முறை

ஒரு கிதாரின் கழுத்தில் 1967ஆம் ஆண்டு முத்திரை, வால்யூம் கண்ட்ரோலில் 66, ரசீதில் 1970 இருப்பதாகக் கொள்வோம். பாகங்கள் மாற்றப்படவில்லை எனில் அது ‘1967–1970’ கிதார். ‘1966’ என்று விற்பவர் சொல்வது நிற்காது. பாகங்கள் மாற்றப்பட்டனவா என்பதை ஈய ஒட்டுகள் காட்டும்: தொழிற்சாலை ஒட்டு ஒரே சீராகப் பழுத்திருக்கும், புதிய ஒட்டு பளிச்சென்று தெரியும். ஆகவே பழைய கிதாரைத் திறப்பவர், படம் எடுத்துக்கொண்டபின் ஒட்டுகளைத் தொடாமல் மூடுவது நல்லது. மாற்றிய பழைய பாகத்தையும் கடைச் சீட்டையும் எறியாமல் பெட்டியிலேயே வைத்தால், அடுத்து ஆராய்பவருக்கு இரண்டு எல்லைகளும் கிடைக்கும்.