கையெழுத்து இல்லாத கைகள்

புத்தகச் சேகரிப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் உள்ளே இருக்கும் பிரதியைத்தான் பேசுகிறோம், அட்டையைப் பேசுவதில்லை. அட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் வர்க்கமும் சாதியும் உண்டு.

தியாகராய நகரில் எனக்குத் தெரிந்த ஒருவர் பொருளாதார நூல்களைச் சேகரிக்கிறார். ஆடம் ஸ்மித், ரிக்கார்டோ, மார்க்ஸ், கெய்ன்ஸ் எல்லாம் தோல் பைண்டில், பொன் எழுத்தில். சமகால ஆசிரியர் என்றால் கையெழுத்தும் இருக்க வேண்டும். எழுதிய கை பட்ட பிரதி என்பதால் விலை ஏறுகிறது. கேலி செய்வது என் நோக்கமல்ல. இந்தக் 'கை' சமாச்சாரத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போமே என்கிறேன். 1873இல் மார்க்ஸ் தன் கையெழுத்திட்ட 'மூலதனம்' பிரதியை டார்வினுக்கு அனுப்பினார். அதன் பெரும்பகுதித் தாள்கள் கடைசிவரை வெட்டிப் பிரிக்கப்படவேயில்லை. கையெழுத்து பத்திரமாக இருக்கிறது; வாசிப்புதான் நடக்கவில்லை.

சரி, தோலில் பட்ட கைகள் யாருடையவை?

19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பதனிட்ட ஆட்டுத்தோல்கள் லண்டனுக்குக் கப்பலேறின. அவற்றில் ஒரு பகுதி புத்தக அட்டையானது. அங்கே வியாபாரத்தில் அதற்கு வைத்த பெயர் 'பெர்ஷியன்'. பாரசீகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சரக்கு போய்ச் சேர்ந்தது, ஊர்ப்பெயர் உதிர்ந்துவிட்டது. பழைய லண்டன் பைண்டிங்கைக் கையில் வைத்துக்கொண்டு, இது திண்டுக்கல்லா வாணியம்பாடியா என்று இன்று யாராலும் சொல்லிவிட முடியாது. பண்டம் தன்னை உண்டாக்கிய உழைப்பை மறைக்கிறது என்று மார்க்ஸ் விளக்கியதற்கு, அவர் புத்தகத்தைச் சுற்றிய தோலே சாட்சியாகலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. நம் ஊரில் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையில். லண்டன் கலைச் சங்கம் பைண்டிங் தோல் பற்றி ஆராய்ந்து 1905இல் வெளியிட்ட அறிக்கை, இந்தத் தோல்தான் சீக்கிரம் சிவந்து பொடிந்துபோகிறது என்று குறை சொன்னது. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்பது நம் பழமொழி. ஆவாரை புத்தகங்களைக் காப்பாற்றவில்லை.

பட்டைத் தண்ணீரிலும் சுண்ணாம்புக் குழியிலும் நின்றவர்கள் பெரும்பாலும் தலித் உழைப்பாளிகள். தோலைத் தொட்டதைக் காட்டி அவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்ற அதே சமூகம், அந்தத் தோல் அட்டையாகி அலமாரியில் ஏறியதும் தடவிப் பார்க்கிறது. தீட்டு எந்த இடத்தில் கழன்றது? அட்டை புனிதமாகிறது, கை மட்டும் தீட்டாகவே இருக்கிறது.

ஊர்ப்பெயர்களையும் பாருங்கள். 1920களில் உருவான தியாகராய நகர், நீதிக்கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான பிட்டி தியாகராயச் செட்டியார் பெயரைத் தாங்குகிறது. அவர் குடும்பத் தொழில்களில் நெசவோடு தோல் பதனிடுதலும் உண்டு. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் பக்கம் போனால் குரோம்பேட்டை. அது குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர். முதலாளிக்கு ஒரு நகர், கம்பெனிக்கு ஒரு பேட்டை. தொழிலாளிக்கு? திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் கதையை டி. செல்வராஜ் 'தோல்' என்று நாவலாக எழுதியது 2010இல்தான்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. ஆவாரம்பட்டை போய் குரோமியம் வந்தபின் பாலாறு கெட்டது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டதென்ற ஆய்வு அதன்முன் இருந்தது. தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். கையெழுத்துள்ள தோல் பிரதி ஒன்று அதைவிட அதிக விலைக்குப் போகும்.

உழைப்புச் சக்தி விலைபோவதைச் சொல்லும் அத்தியாயத்தை மார்க்ஸ் முடிப்பது தோல் பதனிடும் உருவகத்தில்தான். தன் தோலையே சந்தைக்குக் கொண்டுவருபவனாக அங்கே தொழிலாளி நிற்கிறான். நண்பரின் அலமாரியில் அந்தப் பக்கமும் இருக்கிறது, தோல் அட்டைக்குள்.