பூசணிக்காய் யார் கையில்?

பெர்ல் நிரல்மொழியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதை உருவாக்கிய லாரி வாலில் தொடங்கி லாரி வாலிலேயே முடித்துவிடுகிறார்கள். சென்னையில், வெளிநாட்டு அறிவியல் இதழ்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கும் டைப்செட்டிங் கம்பெனி ஒன்றில் பல வருஷம் பெர்ல் ஸ்கிரிப்ட் எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். வேர்டு ஃபைலாக வரும் கட்டுரையை எக்ஸ்.எம்.எல். ஆக்குவது, மேற்கோள் பட்டியலை ஒழுங்குபடுத்துவது, விடுபட்ட படங்களைக் கண்டுபிடிப்பது என எல்லாவற்றுக்கும் பெர்ல்தான். ஆனால் உண்மையில் எங்கள் பிழைப்பை நடத்தியது, முகம் தெரியாத ஆட்கள் எழுதி இலவசமாக வெளியிட்ட மாட்யூல்கள். ஒவ்வொன்றோடும் ‘சேஞ்சஸ்’ என்று ஒரு ஃபைல் வரும். வெர்ஷன் எண், தேதி, என்ன மாறியது, யார் சொல்லி மாறியது. எங்கள் டீம் லீட் திருநெல்வேலிக்காரர். புது வெர்ஷனைக் கண்டதும் கை துறுதுறுக்கும் பையன்களிடம், “ஏல, புதுசு வந்துட்டுன்னா ஒடனே போட்டுருவியோ? மொதல்ல அந்த சேஞ்சஸ படில” என்பார்.

அந்த ஃபைலை எழுதும் பழக்கத்துக்கு ஒரு பூர்விகம் உண்டு. பெர்லுக்கு முன்பே லாரி வால் இரண்டு நிரல்களுக்காகப் பேர் வாங்கியிருந்தார். ஒன்று, யூஸ்நெட் செய்திக் குழுக்களைப் படிக்க உதவிய ‘ஆர்என்’. மற்றது 1985இல் அவர் வெளியிட்ட ‘பேட்ச்’. ஒரு நிரலின் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பினால் போதும், வாங்கியவர் கையில் உள்ள பழையதை அது புதியதாக்கிவிடும். மோடம் வழியே ஒவ்வொரு எழுத்தும் ஊர்ந்து வந்த காலத்தில் இது சாதாரண விஷயமில்லை. 1987 டிசம்பர் 18 அன்று பெர்லின் முதல் வெர்ஷன் யூஸ்நெட்டில் வெளியானபோது, அதைப் படிக்கும் கருவி, அதைத் திருத்தும் கருவி இரண்டையும் அதே ஆள் ஏற்கெனவே ஊருக்குக் கொடுத்திருந்தார். பெர்ல் 4இன் கடைசி வெர்ஷன் 4.036. அந்த 36 என்பது பேட்ச்களின் வரிசை எண். மென்பொருளை வெளியிடுவது என்றால் ‘இன்னது மாறியது’ என்று சொல்லி அனுப்புவது என்ற எண்ணம் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

பெர்ல் 4 வரை ஒரு பெரிய சங்கடம் இருந்தது. ஆரக்கிள் டேட்டாபேஸோடு பேச வேண்டுமென்றால் பெர்லையே அதற்கென்று தனியாகக் கம்பைல் செய்து ‘ஆராபெர்ல்’ என்று வைத்துக்கொள்ள வேண்டும். சைபேஸுக்கு ‘சைப்பெர்ல்’. இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால் உங்கள் பாடு. 1994 அக்டோபர் 17இல் வந்த பெர்ல் 5 இந்த முடிச்சை அவிழ்த்தது. மாட்யூல் என்று ஒன்றைத் தனியே எழுதி, ஓடும்போதே சேர்த்துக்கொள்ளலாம் என்றானது. மையத்தைத் தொடாமலே யார் வேண்டுமானாலும் மொழியை நீட்டலாம். டிம் பன்ஸின் டிபிஐ இந்த வசதியில்தான் வேர்விட்டது. எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் ஒரே மாதிரிப் பேசலாம், அடியில் உள்ள டிரைவரை மட்டும் மாற்றினால் போதும்.

உடனே அடுத்த தொல்லை முளைத்தது. எழுதியதை எங்கே வைப்பது? அவரவர் பல்கலைக்கழக எஃப்.டி.பி. சர்வரில், அவரவர் டைரக்டரியில், தோன்றிய பெயரில். ஆள் படிப்பை முடித்துப் போனால் ஃபைலும் போய்விடும். 1993 இறுதியிலேயே ‘பேக்ரேட்ஸ்’ என்ற பெயரில் ஒரு மெயில் குழு இதற்காகக் கூடியிருந்தது. கண்டதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துவைக்கும் ஆட்கள் என்று தங்களையே கேலி செய்துகொண்ட பெயர் அது. அவர்களுக்கு முன்மாதிரியும் கண்ணெதிரே இருந்தது. டைப்செட்டிங் நிரலான டெக்கின் ஆட்கள் சிடேன் என்ற பொதுக் களஞ்சியத்தை ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் ஒரு பக்கம் டெக், மறுபக்கம் பெர்ல் என்று இரண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். பெர்ல்காரர்கள் களஞ்சிய யோசனையையே டெக்காரர்களிடம் வாங்கியவர்கள் என்பதை அந்த வரிசை அடிக்கடி எங்களுக்கு நினைவூட்டும்.

களஞ்சியம் அமைந்த இடம் பின்லாந்து. அந்நாட்டுப் பல்கலைக்கழக வலையமைப்பான ஃபூனெட்டின் எஃப்.டி.பி. சர்வர். 1991இல் லினக்ஸ் முதலில் ஏற்றப்பட்டதும், அதற்கு லினக்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அதே சர்வரில்தான். யார்க்கோ ஹியெட்டானியெமி அங்கே எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் அடுக்கினார். 1995 அக்டோபர் 26இல் அது சீபேன் என்ற பெயரில் திறந்தது. யார்க்கோ தன்னைச் சீபேனின் ‘தானே நியமித்துக்கொண்ட தலைமை நூலகர்’ என்று எழுதிக்கொள்வார். பக்கத்தில் ‘ஊக்’ என்று ஒரு சத்தம் வேறு. டெரி பிராட்செட்டின் நாவல்களில் வரும் நூலகர் ஓர் ஒராங்குட்டான். அது பெரும்பாலும் பேசும் சொல் அதுதான்.

யார்க்கோ அடுக்கினார் என்றால் வாசலைக் கட்டியவர் பெர்லினில் இருந்த ஆண்ட்ரியாஸ் கோனிக். பெர்ல் ஆசிரியர்கள் தங்கள் ஃபைலை ஏற்றுவதற்கென்று ஒரு சர்வரை அவர் அமைத்தார். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பெரிய எழுத்தில் ஓர் அடையாளம். டிம் பன்ஸ் என்றால் டிஐஎம்பி. அந்த அடையாளத்தின் முதல் எழுத்துக்கு ஒரு டைரக்டரி, அதற்குள் முதல் இரண்டு எழுத்துக்கு ஒன்று, அதற்குள் ஆசிரியருடையது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் உலகெங்கும் பல நூறு மிரர் சர்வர்கள் இதை நகல் எடுக்க அந்த ஒழுங்கும் உதவியது. இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு பெயரில் ஏற்றிய ஃபைலை அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. எழுத்துப்பிழை திருத்தமாக இருந்தாலும் புது வெர்ஷன் எண் போட வேண்டும். எதையும் சத்தமில்லாமல் மாற்ற விடாத விதி அது. ஆசிரியர் தன் பழைய ஃபைலை அழிக்கலாம், தடையில்லை. அழித்தது பேக்பேன் என்ற பின்கட்டில் கிடக்கும்.

2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் உலகில் 11 வரி மாட்யூல் ஒன்றை அதன் ஆசிரியர் களஞ்சியத்திலிருந்து உருவிவிட, அதை நம்பியிருந்த நிரல்கள் உலகெங்கும் கட்டமுடியாமல் நின்றன. பழைய பெர்ல்காரர்கள் அன்று பேக்பேனை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பெயர் வைப்பதிலும் ஒரு நாட்டாண்மை இருந்தது. டிம் பன்ஸும் ஆண்ட்ரியாஸும் ‘மாட்யூல் பட்டியல்’ ஒன்றைப் பராமரித்து யூஸ்நெட்டில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு மாட்யூலுக்கும் எதிரே சில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து அதன் வளர்ச்சி நிலை: ஆல்ஃபா, பீட்டா, வெளியானது, முதிர்ந்தது. அவற்றுக்கெல்லாம் முன்னே ‘ஐ’ என்று ஒன்று உண்டு. அதாவது வெறும் யோசனை. ஒரு வரி நிரல்கூட எழுதாத மாட்யூலுக்கும் பட்டியலில் இடம்! இரண்டாவது எழுத்து, உதவிக்கு யாரைக் கேட்பது என்பது. ‘யாருமில்லை’ என்பதற்கும் அதில் ஓர் எழுத்து உண்டு. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். காசு கொடுத்து வாங்கிய எந்த மென்பொருளின் அட்டையிலும் நான் அதைப் பார்த்ததில்லை. மாட்யூல்கள் பெருகப் பெருகக் கையால் எழுதும் பட்டியல் பின்தங்கிப்போனது. இன்று சீபேனில் உள்ளவை 2 லட்சத்துக்கும் மேல்.

1998இல் கிரஹாம் பாரும் கிறிஸ் நேண்டரும் தொடங்கிய சீபேன் டெஸ்டர்ஸ்தான் இந்த மரபின் உச்சம் என்பேன். நீங்கள் ஒரு மாட்யூலை ஏற்றுகிறீர்கள். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். எங்கோ யாரோ ஒருவர் தம்மிடமுள்ள சோலாரிஸிலும், இன்னொருவர் எச்.பி. யூனிக்ஸிலும், வேறொருவர் விஎம்எஸ்ஸிலும் உங்கள் டெஸ்ட்களை ஓட்டிப் பார்த்து பாஸ் அல்லது ஃபெயில் என்று எழுதி அனுப்புகிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி தரவில்லை. பின்னால் இது பெரும்பாலும் தானியங்கியாகி, அறிக்கைகள் கோடிக்கணக்கில் சேர்ந்துவிட்டன. எங்கள் டீம் லீட் சேஞ்சஸுக்கு அடுத்ததாகப் பார்க்கச் சொன்னது அந்த அறிக்கைகளைத் தொகுத்துக் காட்டும் கட்டத்தைத்தான். எங்கள் தயாரிப்புப் பிரிவு மெஷின்களுக்கு நெட் கிடையாது, ஆசிரியர்களின் கைப்பிரதி வெளியே போகக்கூடாதென்று. ஆகவே ஒவ்வொரு மாட்யூலின் கடைசி வெர்ஷனை மட்டும் நகலெடுக்கும் மினிசீபேனை ஒரு மெஷினில் வைத்து, அங்கிருந்து சி.டி.யில் எரித்து உள்ளே கொண்டுபோவோம். அவசரப்பட்டுப் புதியதை எடுத்து எரித்துவிட்டால் திரும்பப் போய் மாற்றுவது பெரிய வேலை. மூவாயிரம் பக்கம் வரிசையில் நிற்கும்போது எக்ஸ்.எம்.எல்.::பார்சர் முரண்டு பிடித்தால், அப்புறம் அன்றைய ராத்திரி தூக்கம் போச்சு. அந்த மாட்யூலின் முதல் வடிவத்தை எழுதியவரும் லாரி வால்தான். அடியில் இருப்பது ஜேம்ஸ் கிளார்க்கின் எக்ஸ்பேட்.

எழுதியவர் பாதியில் விட்டுப் போனால்? அதற்கும் முறை வகுத்தார்கள். ஆசிரியரைத் தேடி மெயில் போட வேண்டும், பலரறியக் கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், பிறகுதான் நிர்வாகிகள் உரிமையை இன்னொருவர் கையில் தருவார்கள். ‘என்னைத் தத்தெடு’ என்ற பொருளில் ஓர் அடையாளத்தையே உருவாக்கி, கைவிடப்பட்ட மாட்யூல்களை அதன் பெயரில் எழுதிவைத்தார்கள்.

செய்தி சொல்பவர்களும் இதில் ஒரு தனிச் சாதி. மொழியை வளர்ப்பவர்களின் மெயில் குழுவில் குவியும் விவாதங்களை வேலைக்குப் போகிறவன் படித்து மாளாது. 1999இல் மார்க் ஜேசன் டாமினஸ் அதை வாரம் ஒருமுறை சுருக்கி எழுதத் தொடங்கினார். அவருக்குப் பின் சைமன் கோசென்ஸ். பெர்ல் 6 விவாதங்களைப் பியர்ஸ் காலி சுருக்கித் தந்தார். சண்டையையும் சிரித்துக்கொண்டே படிக்கும்படி எழுதுவார். 2011 முதல் காபோர் சபோ நடத்தும் ‘பெர்ல் வீக்லி’ மெயிலில் வருகிறது. இப்படிச் சுருக்கி எழுதுகிறவர்களுக்குச் சோர்வு தட்டுவது சகஜம். ஒருவர் ஓய்ந்ததும் இன்னொருவர் எடுத்துக்கொள்வார். அப்படிக் கைமாறுவதைப் பெர்ல்காரர்கள் வெட்கமாக நினைப்பதில்லை, ஏனென்றால் மொழியே அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது.

பூசணிக்காய்க்கு வருகிறேன். முன்பு ஏதோ ஓர் ஆபீஸில் பல மெஷின்களுக்கு ஒரே டேப் டிரைவ். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேக்கப் எடுத்தால் குழப்பம். அதைத் தடுக்க ஒரு துணிப் பூசணிக்காய் வைத்திருந்தார்களாம், அது யார் மேஜையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேக்கப் எடுக்கலாம். பெர்லில் பேட்ச் சேர்க்கும் அதிகாரத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பூசணிக்காயை வைத்திருந்தவர் ‘பம்ப்கிங்’. 2002இல் யூனிகோடை உருப்படியாக்கிய 5.8க்குப் பம்ப்கிங், நூலகர் யார்க்கோவேதான். தமிழ்ப் பெயர்கள் கொண்ட கட்டுரைகளைக் கையாண்ட எங்களுக்கு அந்த வெர்ஷன் வந்தபிறகே மூச்சு வந்தது.

அதற்குப்பின் 5.10 வர 2007 டிசம்பர் 18, அதாவது மொழியின் இருபதாவது பிறந்தநாள் ஆகிவிட்டது. ஐந்து வருஷத்துக்கு மேல்! ஒரே ஆள் தலையில் எல்லாப் பாரமும் விழுந்தால் இப்படித்தான் ஆகும் என்று புரிந்துகொண்டவர் ஜெஸ்ஸி வின்சென்ட். 2010இல் வெளியான 5.12க்கான காலத்தில் அவர் ஒரு மாற்றம் செய்தார். சோதனை வெர்ஷன் மாதாமாதம், 20ஆம் தேதி. ஒவ்வொரு மாதமும் வெளியிடுவது வேறொரு தன்னார்வலர். நிலையான பெரிய வெர்ஷன் வருஷத்துக்கு ஒன்று. வெளியீட்டை வீரச்செயலாக இல்லாமல் முறைவாசல் போல ஆக்கிவிட்டார்.

புதியவரும் செய்யக்கூடியதாக, ஒவ்வொரு படியையும் எழுதிவைத்த ஒரு நீண்ட கையேடு மூல நிரலுடனேயே வருகிறது. என்னென்ன ஃபைலில் எண்ணை மாற்ற வேண்டும், மாற்றக் குறிப்பில் பங்களித்தோர் பெயரை எப்படித் தொகுக்க வேண்டும், எந்த டெஸ்ட்டை எங்கே ஓட்ட வேண்டும் என்று எல்லாம். அறிவிப்பு மெயிலின் தலையில் வெளியிடுபவர் தமக்குப் பிடித்த புத்தகத்திலிருந்து ஒரு பகுதியைப் போடுவது வழக்கம். இதுவரை போட்டவற்றின் தொகுப்பும் மூல நிரலில் ஒரு ஃபைலாக இருக்கிறது. வேலை முடிந்ததும் வெளியிட்டவர் தமக்குப் பிடித்த மதுக்கடைக்கோ காபிக் கடைக்கோ கடலோர மாளிகைக்கோ போய் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்றும் கையேடு கட்டளையிடுகிறது.