ஓ.கே. - ஒரு கேலிச்சொல்லின் வரலாறு

உடன்பாட்டைத் தெரிவிக்க உலகெங்கும் வழங்கும் 'ஓ.கே.' என்னும் சொல்லுக்குப் பிறப்பிடம் தேடியவர்கள் பலர். அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களின் மொழியிலிருந்து வந்தது என்றனர் சிலர். 'எல்லாம் நன்று' எனப் பொருள்படும் 'ஓலா கலா' என்னும் கிரேக்கத் தொடரைக் காட்டினர் வேறு சிலர். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் வேர் தேடியவர்களும் உண்டு. வரலாற்று நூல்கள் எழுதிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனே சாக்டாக் கருத்தை நம்பி, அதற்கேற்ற எழுத்துக்கூட்டலில்தான் கோப்புகளில் ஒப்புதல் எழுதினார்.

கிடைத்துள்ள சான்றோ நம்மைப் பாஸ்டன் நகருக்கு அழைத்துச் செல்கிறது. 1830களின் இறுதியில் அந்நகர ஏடுகளில், தொடர்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அப்பிழையின் முதலெழுத்துகளைச் சுருக்கமாகத் தருவது ஒரு வேடிக்கையாகப் பரவியிருந்தது. 'ஆல் ரைட்' என்பது இவ்வாறு 'ஓ.டபிள்யூ.' ஆயிற்று. 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' ஏட்டில் 'ஓ.கே.' அச்சேறியது. 'எல்லாம் சரி' எனப் பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' எனச் சிதைத்ததன் சுருக்கம் அது. 'சரி' என்று சொல்லும் சுருக்கத்திலேயே ஓரெழுத்தும் சரியில்லை என்பதே அதிலுள்ள நகைச்சுவை.

அவ்வேடிக்கைச் சுருக்கங்களுள் பெரும்பாலானவை மறைந்தன. இதனைக் காத்தது 1840ஆம் ஆண்டுத் தேர்தல். மீண்டும் போட்டியிட்ட குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரன் நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹூக் என்னும் ஊரினர். 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்னும் அவரது பட்டப்பெயரின் முதலெழுத்துகளும் இவையே. ஆதரவாளர்கள் 'ஓ.கே. கிளப்' அமைத்தனர். எதிரணியினரோ, அவருக்கு முன் பதவி வகித்த ஆண்ட்ரூ ஜாக்சன் எழுத்துக்கூட்டத் தெரியாமல் எழுதியதே இச்சொல் எனக் கதை கட்டினர். வான் பியூரன் தோற்றார், சொல் நிலைத்துவிட்டது. பின்னர் வந்த தந்தி அதனை நெடுந்தொலைவு கொண்டுசென்றது.

இவ்வரலாற்றை நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1941இல் 1840ஆம் ஆண்டுத் தேர்தலையே தோற்றுவாயாகக் கருதிய அவர், மேலும் பழைய ஏடுகளைத் துருவி, 1963-64இல் வெளியிட்ட கட்டுரைகளில் சொல்லை 1839க்குக் கொண்டுசென்றார். தம் முந்தைய முடிவைவிடச் சான்றுக்கே அவர் மதிப்பளித்தார்.

1830களில் தாயகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சாக்டா மக்களுக்கு இச்சொல்லையேனும் உரியதாக்க விழைவது நல்லெண்ணமே. ஆயினும் ஒலியொப்புமை ஓர் ஐயத்தை எழுப்பலாமேயன்றி, முடிவைத் தர இயலாது. தம் மொழிக்குப் பெருமை தேடும் ஆர்வத்தில் இதனை மறப்பவர்கள் எல்லா மொழியாரிடையேயும் உண்டு. சொற்களுக்கு உயர்குடிப் பிறப்பு தேவையில்லை. செய்தித்தாளின் மூலையில் பிறந்த ஒரு கேலிதான் இன்று உலகின் ஒப்புதலாக வழங்குகிறது.