சோற்றுப் பார்சலும் வெட்டிய பலாக்காயும்: கண்டியின் தாவரக் கழிவுகளிலிருந்து நுண்ணுயிர் எதிர்ப்புப் பொதி

2017 ஏப்ரலில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்களைப் பலிகொண்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 1 முதல் இலங்கையில் சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீட் தடைசெய்யப்பட்டது. மகாவலிக் கரையில் கோஹாகொடைக் குப்பைமேட்டைச் சுமந்த கண்டிக்கு இத்தடையின் பொருள் நன்றாகவே தெரியும். அதனால்தான் தாவரக் கழிவிலிருந்து நுண்ணுயிரைத் தடுக்கும் பொதி என்றதும் பலரின் எண்ணம் சோற்றுப் பார்சலுக்குப் போகிறது. அந்த இலக்கு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சோற்றில் அஞ்சவேண்டியது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. அதன் வித்திகள் கொதிநீரிலும் பிழைக்கும். சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பெருக்கம் நடப்பது குவியலின் உள்ளே; பொதியோ வெளிப்புறச் சோற்றை மட்டுமே தொடுகிறது. எண்ணெய்யும் குழம்பும் படிந்தபின் பொதியிலுள்ள நுண்ணுயிர் எதிர்ப்புப் பொருளின் வீரியமும் குறையும். காலையில் கட்டி மதியம் உண்ணும் பார்சலுக்கு, எண்ணெய் கசியாத, விரைவில் மக்கும் தாளே போதும். நுண்ணுயிர் எதிர்ப்பு என்ற பெயரை அதன்மேல் ஒட்டுவது, சோற்றை நெடுநேரம் வெளியே வைக்கலாம் என்ற ஆபத்தான நம்பிக்கையை வளர்க்கும்.

மேற்பரப்பிலிருந்து கெடும் உணவின் கதை வேறு. கண்டிச் சந்தையில் பொலித்தீன் பையில் விற்கப்படும் வெட்டிய பலாக்காயைப் பாருங்கள். ஈரமான வெட்டுமுகம் கறுக்கிறது. நாள் செல்லச் செல்லப் பூஞ்சையும் பிடிக்கிறது. பாண் துண்டிலும் பூஞ்சை மேலிருந்தே தொடங்குகிறது. இங்கே கராம்பு உதவும். அதன் இலையிலும் காம்பிலும் கிடைக்கும் எண்ணெய்யில் பெரும்பகுதி யூஜெனால். அது ஆவியாகிப் பொதிக்குள் பரவி, பூஞ்சையின் செல்சவ்வைச் சிதைக்கும். உணவைத் தொடவேண்டியதுகூட இல்லை. ஆனால் மணம் கடுமையானது. பாணில் கராம்பு வாசம் அடித்தால் யாரும் வாங்கமாட்டார்கள். எனவே அளவை நிர்ணயிக்க வேண்டியது ஆய்வுகூடம் மட்டுமல்ல, உண்பவர் நாக்கும்தான்.

பொதியின் படலத்துக்கு வலுவூட்டும் நாருக்குக் கழிவுத் தேயிலையையே முதலில் பார்க்க வேண்டும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் பயிரிடத் தொடங்கிய தேயிலை, இன்றும் தொழிற்சாலைகளில் சலிக்கப்படும்போது நாரையும் தூசியையும் மிச்சம் விடுகிறது. மற்றொரு தாவரக் கழிவான சாதிக்காயின் சதைத்தோலைத் தோட்டந்தோறும் அலைந்து சேகரிக்க வேண்டும். தேயிலைக் கழிவோ ஒரே இடத்தில் குவிகிறது. இந்த வேறுபாடு வேதியியலைவிட முக்கியம். மரவள்ளி மாப்பொருளுடன் சேர்த்தால் நார் உறுதியைத் தரும்; எஞ்சிய பொலிஃபீனால்கள் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவற்றை ஓரளவு தடுக்கும். வெளிச்சவ்வு உடைய ஈ.கோலை அவ்வளவு எளிதில் பணியாது.

ஆனால் தேயிலைச் செடி அலுமினியத்தையும் ஃப்ளோரைட்டையும் முற்றிய இலைகளில் சேமிக்கும் பயிர். கொழுந்தோடு முற்றிய இலையும் கலந்து வரும் கழிவிலிருந்து செய்த படலத்தில் புளிப்பான உணவைச் சுற்றினால் இவை எவ்வளவு கசியும் என்று அளந்தாக வேண்டும். பேராதனையில் வேளாண்மைப் பீடமும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களமும் அருகருகே உள்ளன. அகார் தட்டில் நுண்ணுயிர் வளராமல் தெரியும் தெளிந்த வளையத்தோடு நின்றுவிடாமல், பலாக்காயைச் சுற்றி இந்தக் கசிவையும் சோதிக்க இதைவிட வசதியான இடம் நாட்டில் அரிது.