அயல்நாட்டுக் குழலும் நடுப்படிப் பாடமும்

பழவேற்காடு ஏரிக்கரையில் வாழும் மீனவர் ஊர்களிலே ‘பாடு’ என்றொரு பழைய முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடலாம் என்று ஊரார் தமக்குள் வரிசை வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இசைக் கல்விக்கும் அத்தகைய வரிசை இன்றியமையாதது. கிளாரினெட் என்னும் அயல்நாட்டுக் குழல் நம் இசையிற் கலந்த வரலாற்றை நோக்குவோமாயின், தொடக்கப் பாடங்களை முடித்த மாணவன் அடுத்து எந்த உருப்படியைக் கற்பது என்ற வினா எத்துணைப் பெரியது என்பது விளங்கும்.

அயல் இசை நம்மை வந்தடைந்த வழிகளுள் இக்கடற்கரையும் ஒன்று. டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் கெல்டிரியா என்னும் கோட்டையை நிறுவினர். ஏரிக்கு வடபால் துர்க்கராயப்பட்டினத்தில் பண்டகசாலை வைத்திருந்த ஆங்கிலேயர், 1639-இல் தெற்கே வந்து சென்னையில் இடம் பெற்றனர். அங்கே புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. பழவேற்காட்டுக்கும் அக்கோட்டைக்கும் இடையே உள்ள மணலியில், முத்துசுவாமி தீட்சிதர் தம் இளமையில் தங்கியிருந்தார். கோட்டையின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு அவர் வடமொழியில் சாகித்தியம் அமைத்தார் என்று இசை வரலாற்றார் கூறுவர். அவையே நோட்டுஸ்வர சாகித்தியங்கள். சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், கமகமின்றி நேர்நடையாகச் செல்பவை அவை. ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று.

கிளாரினெட் ஏறத்தாழ 1700-ஆம் ஆண்டளவில், ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தில் டென்னர் என்பவரால் உருவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதனை 19-ஆம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார் என்பர். சின்ன மேளத்தில் முகவீணை வகித்த இடத்தை நாளடைவில் கிளாரினெட் பெற்றது. பின்னர் அது தனிக் கச்சேரி வாத்தியமாகவும் உயர்ந்தது. அவ்வுயர்வுக்குப் பெரிதும் உழைத்தவர் 1931-இல் பிறந்த ஏ. கே. சி. நடராஜன். வாய்ப்பாட்டும் நாகசுரமும் பயின்று, அந்த ஞானத்தைக் கிளாரினெட்டில் ஏற்றியவர் அவர். சென்னை மியூசிக் அகாடமி 2008-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. 2022-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

இவ்வளவு சிறப்புற்றும், கிளாரினெட்டுக்கென்று தனியே இயற்றிய உருப்படிகளை நம் மரபு தேடவில்லை. பாடகர் பாடுவதையே குழலும் இசைத்தது. ஆயின் குரலுக்கு எளியதெல்லாம் குழலுக்கு எளியதன்று. நாகசுரத்தில் ஷட்ஜத்தை ஊதி மூச்சை மிகுத்தால், அதே விரலமைப்பில் மேல் ஷட்ஜம் பேசும். கிளாரினெட்டிலோ, பெருவிரற் சாவியை அழுத்தினால் மேல் ஷட்ஜத்தையும் தாண்டி அதற்கப்பாலுள்ள பஞ்சமம் பேசும். ஆகவே கீழ்ப்பகுதியின் உச்சியிலிருந்து ஒரு ஸ்வரம் மேலேறவும், திறந்திருந்த துளைகளையெல்லாம் ஒருங்கே மூடவேண்டும். மாணவன் தடுமாறும் இடம் இதுவே. நடுப்படிக்குரிய உருப்படி இவ்விடத்தை அவன் அஞ்சாது கடக்கப் பழக்குவதாக இருத்தல் வேண்டும்.

அவ்வகையில் ஒரு வரிசையைக் கருதலாம். கீதங்களை முடித்தவனுக்கு நோட்டுஸ்வரங்கள் நன்கு உதவும். கமகத்தின் சுமையின்றி நாவும் விரலும் ஒன்றுபடப் பழகும். அடுத்து பிலஹரி ஸ்வரஜதி. அதன் பின்னர் இராமநாதபுரம் ஸ்ரீநிவாசய்யங்காரின் மோகன வர்ணமாகிய ‘நின்னுகோரி’. ஐந்தே ஸ்வரங்களுடைய அந்த இராகத்தில் ஸ்வரங்கள் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்பவை. தார ஸ்தாயியிலும் பழக்கம் உண்டாகும். திருவொற்றியூர்த் தியாகய்யரின் சகானா வர்ணமான ‘கருணிம்ப’ அழகிற் குறைந்ததன்று. ஆனால் வளைந்து வளைந்து செல்லும் சகானாவைக் காட்ட, துளையின்மேல் விரலைச் சிறிது சிறிதாக நகர்த்தும் நுட்பம் கைவரவேண்டும். அது பின்னர் வரவேண்டிய பாடம்.

கிளாரினெட்டின் இனத்தைச் சேர்ந்த பாஸ் கிளாரினெட்டின் வரலாறும் இக்கருத்தையே வலியுறுத்துகிறது. ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் இக்குழலை 1838-இல் அடோல்ப் சாக்ஸ் என்பவர் செம்மைப்படுத்தினார். நெடுங்காலம் அது வாத்தியக் குழுவில் ஓர் உறுப்பாகவே இருந்தது. 1955-இல் செக் நாட்டவரான யோசப் ஹோராக் அதனைத் தனிக் கச்சேரி வாத்தியமாக்கினார். தனக்கென உருப்படிகள் குறைவாயிருந்தமையால் அதுவும் கடன் வாங்கிற்று. பாக் என்னும் மேதை செல்லோ வாத்தியத்துக்கு இயற்றிய ஆறு கோவைகளை அதன் மாணவர் இன்றும் பயில்கின்றனர். அக்குழலில் துளைகளை மூடுவன பெரும்பாலும் தட்டுகளே. விரல் துளையைத் தீண்டுவதில்லை. எனவே கமகத்தை உதட்டாலும் மூச்சாலுமே வருவிக்கவேண்டும். நம் இசையை அதில் வாசிக்க விரும்பும் மாணவனுக்கு மோகனம் முன்னும் சகானா மிகப் பின்னும் அமைவதே முறை.

இது ஆசிரியர் வசதிக்காகச் சொல்லும் சிறு விதியன்று. நாட்டியக் கச்சேரிகளில் முகவீணையை அகற்றிய கிளாரினெட், பின்னர் அதே மேடைகளில் புல்லாங்குழலுக்கு இடம் விட்டு விலகிற்று. இன்று கர்நாடக இசையை அதில் வாசிப்போர் மிகச் சிலரே. ஊர்வலப் பாண்டுகளிலேதான் அதனை மிகுதியும் காண்கிறோம். மிகக் கடினமானதை முன்னதாகத் தந்தால், மாணவன் குழலைக் கீழே வைத்துவிடுவான். எளிய மெட்டுகளோடு நிறுத்தினால், இராகத்தின் ஆழத்தை அறியாமலே போவான். ஒரு வாத்தியம் நம்முடையதாவது மேதைகளால் மட்டுமன்று. நடுப்படியில் நிற்கும் மாணவன் கையில் நாம் தரும் உருப்படியாலுமாகும். தக்கதைத் தக்க வரிசையில் தருவோமாயின், கடல் கடந்து வந்த குழல் இம்மண்ணில் நிலைத்து வாழும்.