குளநெல்: விதைக்காத நெல்லின் பெயர்கள்

நீவாரம் என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடினால் குளநெல் என்று இருக்கும். குளநெல் எது என்று இன்று கேட்டால் கைநீட்டிக் காட்ட ஆள் குறைவு. வயலுக்குள் வந்தால் களைநெல் என்று பிடுங்கி வரப்பில் எறிகிறோம். ஏரி ஓரத்தில் நின்றால் வெறும் புல். ஒரே செடிக்கு வேதத்தில் ஒரு பெயர், அகராதியில் ஒரு பெயர், வயலில் ஒரு வசை.

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் காலையும் மாலையும் வேத பாராயணம் நடக்கிறது. வேதம் ஓதிப் பழகியவர்களுக்கு நீவாரம் புதிய சொல் அல்ல. தைத்திரீய ஆரணியகத்தின் பத்தாம் பகுதியில் வரும் நாராயண சூக்தம், இதயத்துள் இருக்கும் சுடரின் நுண்மைக்கு நீவாரத்தின் சூகத்தை உவமை காட்டுகிறது. சூகம் என்பது நெல்மணியின் நுனியில் நீளும் வால். நாம் பயிரிடும் நெல்லில் பெரும்பாலும் அது ஒழிந்துவிட்டது. குளநெல்லில் விரல் நீளத்துக்குச் செம்பழுப்பாக நிற்கும். மணியிலிருந்து நுனி நோக்கித் தடவினால் வழுக்கும். திருப்பித் தடவினால் தோலைப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த முட்கள்தான் உதிர்ந்த மணியைச் சேற்றுக்குள் இறக்குகின்றன. மணியும் கதிரில் தங்காது. உச்சியில் தொடங்கி ஒவ்வொன்றாக முற்றும், முற்றியதும் விழும். அரிவாளோடு போகிறவருக்கு வைக்கோல்தான் மிஞ்சும். சூக்தம் பாடியவர் இந்த வாலை விரலால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முனிவர்களுக்கு இந்த நெல் ஏற்றது என்பதற்கு ஒரே தகுதி, அதில் ஏர் படவில்லை என்பது. காட்டில் வாழப் போனவன் உழுத நிலத்து விளைச்சலை உண்ணக் கூடாது என்கிறது மனு நூல். காளிதாசனின் சாகுந்தலத்தில், ஆசிரமம் அருகில் இருப்பதை மன்னன் அறிந்துகொள்ளும் அடையாளங்களில் ஒன்று, கிளிகள் இருக்கும் மரப்பொந்துகளிலிருந்து சிந்திக் கிடக்கும் நீவார மணிகள். வடமொழியில் அது துறவின் தானியம்.

தமிழ் அதை அப்படிப் பார்க்கவில்லை. மலையில் விளைந்தால் ஐவனம், மூங்கிலில் விளைந்தால் மூங்கில் நெல், குளத்தில் விளைந்தால் குளநெல். இடத்தைச் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டார்கள். இந்தத் திருவண்ணாமலை வட்டாரமே அதற்குச் சாட்சி. செங்கத்தையும் பருவத மலையையும் சேயாற்றையும் சுற்றி நடக்கும் மலைபடுகடாம், நன்னனின் மலைச்சரிவில் விளைந்த ஐவன வெண்ணெல்லைப் பேசுகிறது. பறம்பு மலையில் உழாமல் கிடைக்கும் நான்கு பொருள்களை அடுக்கிய கபிலர், அதில் மூங்கில் நெல்லை முதலில் வைத்தார். அவர் கடைசியில் உயிர் விட்டதாகச் சொல்லப்படும் திருக்கோவலூர் இங்கிருந்து அதிகத் தொலைவில்லை. கபிலர் கணக்கில் உழாத விளைச்சல் துறவியின் உணவல்ல. முற்றுகையிட்ட மூவேந்தரும் பறிக்க முடியாத சொத்து.

நீவாரம் நம் காலத்தில் இன்னொரு வழியாகத் திரும்பி வந்தது. ஓராண்டில் முளைத்து மடியும் காட்டு நெல்லினத்துக்கு 1965-இல் ஷர்மா, சாஸ்திரி என்ற இருவர் ஒரைசா நிவாரா என்று பெயர் சூட்டினார்கள். அதன்பிறகு ஆசிய நெல்வயல்களில் பயிரைப் புல்போல் குட்டையாக்கும் ஒரு வைரஸ் நோய் பரவியபோது, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான விதைத் தொகுதிகளைச் சோதித்தது. நோயைத் தாங்கியது உத்தரப் பிரதேசத்திலிருந்து போன நிவாரா விதை ஒன்றுதான். குர்தேவ் குஷ் குழுவினர் அதன் குணத்தை ஏற்றி உருவாக்கிய ஐ.ஆர். 36 ரகம் 1976-இல் வெளிவந்தது. அந்தப் பெயரைக் கேட்டால் நம் ஊர் மூத்த விவசாயிகளுக்கு ஞாபகம் வரும். களை என்று பிடுங்கியதன் உறவுக்காரனைத்தான் விலை கொடுத்து வாங்கி நட்டோம்.

குளநெல்லின் பழைய வாடிக்கையாளர்கள் வாத்துகள். புள்ளிமூக்கு வாத்து, நீலச்சிறகி, ஊசிவால் வாத்து எல்லாம் முங்கி மீன் பிடிக்கிற சாதி அல்ல. தலையைக் கவிழ்த்து, வாலை வானம் பார்க்கத் தூக்கி, முழங்கால் தண்ணீரில் சேற்றைத் துழாவித் தின்பவை. உதிர்ந்த நெல்லும் கோரை விதையும் அந்த ஆழத்தில்தான் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறையும்போது வலசை வாத்துகளும் வந்து சேரும்.

வாத்து வந்த இடத்துக்கு வேடனும் வந்தான். குருவிக்காரர் என்ற பெயரே தொழிலைச் சொல்கிறது; நரிக்குறவர்களைத்தான் அப்படி அழைத்தார்கள். கண்ணியும் நாட்டுத் துப்பாக்கியுமாக ஏரி ஏரியாகப் போனவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டதும் உண்டு. அந்தத் தொல்லை தாங்காமல்தான் வேடந்தாங்கல் மக்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் 1798-இல் கவுல் வாங்கினார்கள். கவுல் என்பது அரபியிலிருந்து வந்த சொல், வாக்கு என்று பொருள். பறவைகள் வந்தால் அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். ஊராருக்குத் தங்கள் லாபம் தெரிந்திருந்தது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வாத்தைச் சிறு வேட்டைப் பட்டியலில் வைத்தது. உரிமம் எடுத்தால் சுடலாம். 1991-இல் வந்த திருத்தம் அந்த வாசலையும் மூடியது. அதனால் நம் ஏரி ஒன்றைச் செப்பனிட்டு வாத்து பெருகினாலும் வேட்டைக்கு வழி திறக்காது. அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கண்ணியை வாங்கி வைத்துக்கொண்ட அரசு, குருவிக்காரர் கையில் அதற்கு ஈடாக ஒன்றையும் வெகுநாள் வைக்கவில்லை. அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் ஏறியதே 2023-இல்தான்.

அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில் கதை வேறு. அங்கே குளநெல் என்பது ஜிசேனியா என்ற வேறு புல். ஓஜிப்வே மக்கள் மனோமின் என்பார்கள். தோணியில் போய், ஒரு கோலால் கதிரை வளைத்து மறு கோலால் தட்டி மணியை உள்ளே உதிர்ப்பார்கள். 1837-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக் கொடுத்தபோதும் வேட்டை, மீன்பிடி, குளநெல் சேகரிப்பு மூன்றையும் எழுதி வாங்கிக் கொண்டார்கள். அந்த உரிமை செல்லும் என்று 1999-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணைகள் நீர்மட்டத்தை உயர்த்தியதால் பல ஏரிகளில் நெல் மூழ்கி அழிந்தது. இப்போது மட்டத்தைக் கட்டுப்படுத்தி, விதை தூவி மீட்கிறார்கள். நெல் வந்தால் வாத்து வரும், வாத்து வந்தால் துப்பாக்கி வரும். அதனால் எந்தத் துறையில் படகு இறக்கலாம், கதிர் முற்றும்வரை யார் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே ஊர்ப்பேச்சு.

இங்கே அந்தப் பேச்சே எழுவதில்லை. காரணம், நம் ஏரிக் கணக்கில் குளநெல்லுக்குப் பத்தி இல்லை. மீன்பாசி ஏலம் உண்டு, கருவேல மரம் ஏலம் உண்டு, வண்டல் அள்ள அனுமதி உண்டு. குடிமராமத்து 2017-இல் மறுபடி உயிர் பெற்றபோது அளந்ததும் எத்தனை கனமீட்டர் மண் என்பதைத்தான். பொக்லைன் உள்வாயை ஓரம்வரை ஒரே ஆழமாகத் தோண்டுகிறது. சேற்றில் உறங்கும் விதை டிராக்டரில் ஏறி வயலுக்குப் போகிறது, அங்கே களையாகிறது. செங்குத்தாக வெட்டிய கரையில் முக்குளிப்பான் பிழைத்துக்கொள்ளும். கவிழ்ந்து மேயும் சிறகிக்குத் தரை எட்டாது.

ரமணாசிரமத்துக்கு அருகே உள்ள சமுத்திரம் ஏரி நல்ல மழை ஆண்டுகளில்தான் நிறைகிறது. மற்ற ஆண்டுகளில் மாடு மேய்கிறது. குளநெல்லுக்கு இப்படி ஏறி இறங்கும் தண்ணீர்தான் பிடிக்கும். எனவே இந்த ஏரியானாலும் உங்கள் ஊர் ஏரியானாலும், தூர் வாரும் பேச்சு வரும்போது ஒன்று கேளுங்கள்: மதகுப் பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் ஆழம் எடுக்கட்டும், எதிர்ப்பக்கத்து ஆழமில்லாத உள்வாயில் ஒரு பட்டையைத் தொடாமல் விடட்டும். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவென்றால் ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கிராம சபையில் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மேலென்றால் நீர்வளத் துறைக்கு மனு எழுத வேண்டும். மனுவில் குளநெல் என்ற பெயரைத் தவறாமல் எழுதுங்கள்.